காரணம் காணல்

உலகில் காரணம் இன்றி நிகழும் காரியம் ஒன்றும் இல்லை. மழை பொய்த்தல், மரம் பட்டுப்போதல், உடலில் நோய் தோன்றல் ஆகிய எல்லாவற்றிற்கும் காரணம் உண்டு. சில காரணங்கள் வெளிப்பட நிற்கின்றன. சில மறைந்து நிற்கின்றன. வெளிப்பட நிற்பதனை எளிதில் கூறிவிடுகின்றோம். மறைந்து நிற்பதனைத் தேடச் சோம்பி, ‘தற்செயல்’ என்றும் ‘தலைவிதி’ என்றும் சொல்லி அமைகின்றோம். அன்றியும், அவ்வேளையில் எளியவர் ஒருவர் அருகில் நிற்பாராயின், பழி முழுவதையும் அவர் தலைமேல் ஏற்றிவிடுகின்றோம். இவ்விரண்டும் அறிவுக்கு ஒவ்வாத செயல்கள். இவ்வுண்மையை எம் இல்லத்துக் கணிப்பொறி ஒன்றின் வரலாற்றால் ஈண்டு விளக்க விரும்புகின்றேன்.

“பழந்தமிழ் நூல்களிலேயே காலம் கழித்த புலவருக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு?” என்று நீங்கள் வியக்கலாம். உறவு உண்டு. அதனை உணர்த்த, எம்மூரையும் எம் பணியையும் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும்.

யான் வாழும் ஊர் பேரிகை. பேரிகை என்பது பெருமுரசின் பெயர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்தது எம்மூர். ஒருபுறம் ஓசூரின் தொழிற்சாலைகள். மற்றொருபுறம் மாலூர் செல்லும் சாலை. இடையிலே தக்காளித் தோட்டங்களும் முட்டைக்கோசு வயல்களும் ரோஜாத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒருங்கே ஒலிக்கும் ஊர் இது. வைகறையில் பூக்கூடைகள் ஒருபுறம் வண்டி ஏறும். தொழிலாளர் மற்றொருபுறம் பேருந்து ஏறுவர். என் மகனும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவன். அவன் மகன், என் பெயரன், பதினோராம் வகுப்பில் பயில்கின்றான்.

எனக்கு யாப்பிலக்கணம் கற்பித்த ஆசிரியர் தம் கைப்பட எழுதிய பாடக்குறிப்புகளை ஆறு ஏடுகளாக என்னிடம் ஒப்படைத்து மறைந்தார். அவற்றிற்குப் படி வேறு இல்லை. தாள் பழுத்து ஒடிகின்றது. மை நாளுக்கு நாள் மங்குகின்றது. அவ்வேடுகள் அழியுமுன் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்தல் வேண்டும் என்று முனைந்தேன். மாலைதோறும் யான் படிப்பேன். பெயரன் தட்டச்சு செய்வான். 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வழக்கிற்கு வந்த ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையில் அவன் விரல்கள் விரைந்து ஓடும். மூன்று ஏடுகள் இவ்வாறு நிறைவுற்றன. அவற்றை அச்சுப்படியாக எடுத்து, மூலத்தோடு ஒப்பு நோக்கி, பிழை திருத்தி வைத்தோம்.

நான்காம் ஏட்டைத் தொடங்கிய பின்னரே தொல்லை தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி திடீரென நின்றுபோகும். ஒருநாள் திரை முழுவதும் நீலமாகி, அதன்மேல் ஏதோ ஒரு குறிப்புத் தோன்றும். மறுநாள் குறிப்பு ஏதுமின்றிப் பொறி தானே அணைந்து மீண்டும் எழும். மற்றொருநாள் எழுத்துகள் அசையாமல் உறைந்து நிற்கும். இரண்டு நாள் ஒரு குறையுமின்றி ஓடும். மூன்றாம் நாள் ஒரு மணி நேரத்தில் இருமுறை நிற்கும். எப்போதும் நில்லாத பொறியைப் பழுது பார்த்தல் எளிது. எப்போதும் நின்றே கிடக்கும் பொறியைப் பழுது பார்த்தலும் எளிது. எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று அறியவியலாத பொறியே பெருந்துன்பம் தருவது.

ஊரார் ஆளுக்கொரு காரணம் கூறினர். “மின்சாரம் சரியில்லை; ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடுகிறது” என்றார் ஒருவர். “சூடு ஏறியிருக்கும்” என்றார் மற்றொருவர். பழுது பார்க்க வந்தவர், “ஐயா, இது வைரஸ்தான். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்” என்றார், அவ்வாறே செய்தும் கொடுத்தார். மூன்றாம் நாள் பொறி மீண்டும் நின்றது.

என் மகன் கூறிய காரணமே வீட்டில் நிலைபெற்றது. “அப்பா, இவன் விளையாட்டுகளை ஏற்றி ஏற்றித்தான் இது கெட்டது. இனி இவன் இதைத் தொடக்கூடாது” என்று அவன் முடிவு கூறினான். “தாத்தா, நான் எதையும் கெடுக்கவில்லை” என்று பெயரன் ஒருமுறை சொன்னான். பின்பு வாய் திறக்கவில்லை. அன்று முதல் அவன் அவ்வறைப் பக்கமே வருவதில்லை. ஆசிரியரின் நான்காம் ஏடு பாதியில் நின்றது.

மாணவர்களே! பொறி பழுதுபடின் வேறு பொறி வாங்கலாம். குற்றமற்ற சிறுவன் ஒருவன்மேல் பழி நிலைத்துவிடின், அதனை எந்தக் கடையில் மாற்றுவது? ஆதலின் யான் என் மகனை அழைத்து, “உன் தொழிற்சாலையில் ஓர் எந்திரம் நின்றுபோனால், அருகில் நின்ற தொழிலாளியைக் குற்றவாளி என்று அப்போதே முடிவு செய்வீர்களா?” என்று வினவினேன். அவன் சற்று எண்ணினான். ஜப்பான் நாட்டு டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் வகுத்து வழங்கிய முறை ஒன்று உண்டு. ஒரு குறை தோன்றியவுடன் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். அதற்கு வரும் விடையைப் பிடித்து மீண்டும் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும்; இவ்வாறு ஐந்து முறை கேட்டால், மேலே தோன்றும் காரணத்தைக் கடந்து அடிப்படைக் காரணத்தை எட்டலாம் என்பது அம்முறை. தன் தொழிற்சாலையிலும் அதனைக் கற்பிக்கின்றனர் என்று மகனே கூறினான். “அந்த நீதியை நம் வீட்டுக்கும் வழங்கு. எனக்கு 40 நாள் தவணை கொடு” என்றேன். அவன் இசைந்தான்.

யான் செய்த முதற்காரியம் ஒரு குறிப்பேடு வாங்கியது. நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த பணி, மின்சாரத்தின் நிலை, அறையின் வெப்பநிலை, திரையில் தோன்றிய குறிப்பு என ஆறு பத்திகள் வகுத்தேன். பெயரனை அழைத்து, “நீயே இதன் கணக்கன், கண்டதை எழுது, கருதியதை எழுதாதே” என்று பணித்தேன்.

இங்ஙனம் எழுதி வைத்தல் கணிப்பொறி தோன்றிய காலத்திலேயே எழுந்த வழக்கம். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 2’ என்னும் பெரிய கணிப்பொறியில் கோளாறு நேர்ந்தது. அதனை இயக்கியோர் ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்துச் சென்றனர். ஒரு மின்தொடர்பு உறுப்பின் இடையே விட்டிற்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, கண்டறிந்த செய்தியை நேரத்தோடு எழுதி வைத்தனர். அவ்வேடு இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. எந்திரக் கோளாற்றைப் ‘பூச்சி’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே அச்சொல் பயின்றுள்ளது. எனினும், உண்மையான பூச்சியையே ஏட்டில் ஒட்டிவைத்தவர் இவர்களே. அவர்கள் எவரையும் பழிக்கவில்லை, பார்த்தனர், எழுதினர்.

எங்கள் குறிப்பேட்டில் 40 நாளில் 17 நிகழ்ச்சிகள் பதிவாயின. அவ்வேட்டைச் சான்றாக வைத்துக்கொண்டு, கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். ஒரு நேரத்தில் ஒன்றனை மட்டுமே மாற்றுதல் வேண்டும் என்பதனை நெறியாகக் கொண்டோம். இரண்டினை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தது எதனால் என்பது விளங்காது. அந்நோய் மீண்டும் வரும்போது மருந்தும் விளங்காது.

முதலாவது மின்சாரம். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். தோட்டத்து மோட்டார்கள் ஒருங்கே எழும்போது அது தாழ்தல் உண்டு. ஆயின், 17 நிகழ்ச்சிகளுள் 9 நிகழ்ச்சிகள் மோட்டார்கள் ஓடாத வேளையில் நிகழ்ந்தவை. மேலும், பொறியை ஓசூரில் மகனின் நண்பர் இல்லத்திற்குக் கொண்டுசென்று மூன்று நாள் இயக்கினோம். அங்கும் இருமுறை நின்றது. வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துப் பொறிக்குள் அனுப்பும் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்னும் பெட்டியையும் இரவலாக ஒன்று வாங்கி மாற்றிப் பார்த்தோம். அதன் பின்னும் நின்றது. மின்சாரம் குற்றமற்றது என விடுதலை பெற்றது.

இரண்டாவது வெப்பம். பொறியின் மூடியைக் கழற்றி, விசிறியில் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் நீக்கினோம். ஆயின், எம்மூரின் மார்கழிக் குளிரில், விடியற்காலையில், பொறியை எழுப்பிய பத்து நிமிடத்திற்குள் அது நின்றமை ஏட்டில் நான்கு இடங்களில் காணப்பட்டது. சூடேறுமுன் நிற்கும் பொறிக்குச் சூட்டைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

மூன்றாவது, பெயரன்மேல் சுமத்தப்பட்ட குற்றம். விளையாட்டுகளும் வைரஸும் தங்கும் இடம் பொறியின் வன்தட்டு. அதன் இணைப்பையே கழற்றி வைத்தோம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ என்னும் இயங்குதளத்தைப் பென் டிரைவில் வைத்துப் பெயரனின் கணிப்பொறி ஆசிரியர் தந்துதவினார். அதனைக்கொண்டு பொறியை எழுப்பினோம். இப்போது பொறியில் விண்டோஸும் இல்லை, விளையாட்டும் இல்லை, பெயரன் ஏற்றிய எதுவும் இல்லை. இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பொறி நின்றது. என் மகன் அதனைத் தன் கண்ணாலேயே கண்டான், ஒன்றும் பேசவில்லை.

பொறி ஏன் நின்றது என்னும் வினாவிற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அவ்விடை, யான் நன்கு அறிந்த ஒரு துறையின் வழியே வந்தது.

முன்னரே திருத்தி முடித்த மூன்று ஏடுகளின் கோப்புகளை, அவற்றின் அச்சுப்படிகளோடு மீண்டும் ஒப்புநோக்கினேன். என் உள்ளம் நடுங்கியது. அச்சுப்படியில் ‘மரம்’ என்று இருந்த சொல், கோப்பில் ‘மறம்’ என்று நின்றது. ‘ஒலி’ என்பது ‘ஒளி’ ஆயிற்று. ‘மானை’ என்பது ‘யானை’ ஆயிற்று. ‘நூல்’ என்பது ‘னூல்’ ஆயிற்று. ஓரிடத்தில் ‘தமிழ்’ என்பது ‘தமிவ்’ என்று நின்றது! சில இடங்களில் பகரத்திற்கு ஈடாக வெற்றுக் கட்டம் ஒன்றே காணப்பட்டது. அச்சுப்படி எடுத்தபோது சரியாக இருந்த எழுத்துகள், எவரும் தொடாமலே மாறியிருந்தன.

மாணவர்களே! சுவடிப் பதிப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஊர்களில் தேடிப் பெற்ற ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே உண்மைப் பாடத்தைத் துணிந்தார். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேற்றுமை இராது. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். ஆதலின், ஏடு எழுதுவோர் எந்த எழுத்தை எந்த எழுத்தாக மயங்குவர் என்பதனைப் பதிப்பாசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். பிழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கைக் கண்டால் பிழை செய்த கை எது என்பது புலனாகும்.

அம்முறையில் யான் பிழைகளைப் பட்டியலிட்டேன். மொத்தம் 23. அப்பட்டியலைக் கண்டவுடன் ஓர் உண்மை விளங்கிற்று. ரகரம் றகரமாக மாறியிருந்தது. ஓரிடத்திலேனும் றகரம் ரகரமாக மாறவில்லை. லகரம் ளகரமாயிற்று, ளகரம் லகரமாகவில்லை. மனிதர் செய்யும் மயக்கம் இருதலையும் நிகழ்வது. ‘மரம்’ என்பதை ‘மறம்’ என்று எழுதும் மாணவன், ‘அறம்’ என்பதை ‘அரம்’ என்றும் எழுதுவான். இங்குப் பிழை ஒருதலையாகவே நிகழ்ந்திருந்தது. அன்றியும், னகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது. ‘தமிவ்’ என்று எந்தத் தமிழ்க் கையும் எழுதாது. தமிழ்99 விசைப்பலகையிலும் ரகரமும் லகரமும் கீழ்வரிசையில் உள்ளன; றகரமும் ளகரமும் மேல்வரிசையில் உள்ளன. விரல் தவறி மாறுதற்கும் இடமில்லை. இது மனிதர் செய்த பிழை அன்று.

இப்பட்டியலைப் பெயரனிடம் கொடுத்தேன். அவன் சற்று நேரம் நோக்கினான். பின்னர் ஒரு தாளில் எண்களை எழுதலானான். அவன் முகம் மலர்ந்தது. “தாத்தா, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பாருங்கள்” என்றான்.

அவன் கூறியதனைச் சுருக்கிக் கூறுவேன். கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். 1991ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ‘யூனிகோடு’ என்னும் உலகப் பொது முறையில், தமிழ் எழுத்துகளுக்கும் எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. அதன்படி மகரம் 2990, யகரம் 2991; ரகரம் 2992, றகரம் 2993; லகரம் 2994, ளகரம் 2995; ழகரம் 2996, வகரம் 2997; நகரம் 2984, னகரம் 2985. பகரம் 2986, அடுத்த எண்ணாகிய 2987க்கு எழுத்தே இல்லை. ஆதலின் அங்கு வெற்றுக் கட்டம் தோன்றிற்று. எல்லாப் பிழைகளிலும் ஓர் இரட்டைப்படை எண், தனக்கு அடுத்த ஒற்றைப்படை எண்ணாக மாறியிருந்தது. வேறெந்த மாற்றமும் இல்லை.

கணிப்பொறி எல்லா எண்களையும் சுழியம், ஒன்று என்னும் இரண்டு குறிகளாலேயே எழுதும். அவ்வாறு எழுதும்போது இரட்டைப்படை எண்ணின் இறுதிக்குறி சுழியம். ஒற்றைப்படை எண்ணின் இறுதிக்குறி ஒன்று. ஆகவே, பொறியின் நினைவகத்தில் எங்கோ ஓரிடத்தில் சுழியம் ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. முன்னரே ஒன்றாக இருந்தது மாறுவதற்கு இடமில்லை. பிழை ஒருதலையாக நிகழ்ந்ததன் காரணம் இதுவே.

இதனால் மற்றொரு புதிரும் விடுபட்டது. பொறி ஏன் ஒழுங்கின்றி நின்றது? நினைவகம் என்பது கோடிக்கணக்கான சிற்றறைகளைக் கொண்ட பெரிய களஞ்சியம். அவற்றுள் மிகச் சிலவே பழுதுற்றிருந்தன. பழுதுற்ற அறையில் எப்போது எது வந்து தங்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். ஒரு சொல் வந்து தங்கினால் எழுத்து மாறும்; ஒரு படத்தின் துளி வந்து தங்கினால் நிறம் மாறும், அதனை எவரும் காணார்; பொறியை இயக்கும் கட்டளை ஒன்று வந்து தங்கினால் பொறி நிலைகுலைந்து நிற்கும்; ஒன்றும் வந்து தங்காவிடின் நாள் முழுவதும் நன்றாக ஓடும். பார்ப்பவர்க்கு ஒழுங்கின்மையாகத் தோன்றியது, உள்ளே ஒரு நிலையான காரணத்தின் விளைவேயாகும். ‘தற்செயல்’ என்பது காரணம் இல்லாமையைக் குறிப்பதன்று. காரணம் நமக்குப் புலப்படாமையையே குறிக்கின்றது.

ஐயம் துணிபாக வேண்டுமாயின் சோதனை வேண்டும். நினைவகத்தைக் கடைக்காரர் ‘ரேம்’ என்பர். எம் பொறியில் இரண்டு ரேம் பலகைகள் இரண்டு பள்ளங்களில் செருகப்பட்டிருந்தன. பெயரன் ஒன்றில் சிவப்பு நூலும், மற்றொன்றில் பச்சை நூலும் கட்டினான். அவற்றின் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் தூய்மை செய்தான். பின்னர் ‘மெம்டெஸ்ட்86’ என்னும் சோதனை நிரலை இயக்கினான். அந்நிரல் ஒவ்வோர் அறையிலும் ஒரு குறியை எழுதும். எழுதியதனைத் திரும்பப் படிக்கும். இரண்டும் மாறுபடின் அவ்விடத்தைச் சுட்டிக் காட்டும். ஆசிரியர் சொல்லச்சொல்ல எழுதிய மாணவனை, மீண்டும் படித்துக்காட்டச் செய்தல் போன்றது அது.

நான்கு இரவுகள் நான்கு சோதனைகள் நடந்தன. சிவப்பு நூற்பலகை முதற்பள்ளத்தில் பிழையின்றி நின்றது. இரண்டாம் பள்ளத்திலும் பிழையின்றி நின்றது. பச்சை நூற்பலகை முதற்பள்ளத்தில் பிழை காட்டிற்று. இரண்டாம் பள்ளத்திலும் பிழை காட்டிற்று. ஆகவே, குற்றம் பள்ளத்தில் இல்லை. பச்சை நூற்பலகையில்தான் உள்ளது என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. திரையில் தோன்றிய பிழை வரிகளிலும், சுழியம் இருக்க வேண்டிய இறுதியிடத்தில் ஒன்று நின்றது.

அப்பலகையை நீக்கிப் புதியது ஒன்று வாங்கிப் பொருத்தினோம். அதனையும் ஓரிரவு முழுவதும் சோதித்த பின்னரே பணியைத் தொடங்கினோம். அன்று முதல் இந்நாள் வரை பொறி ஒருமுறையும் நிற்கவில்லை. பிழைகள் 23ஐயும் அச்சுப்படியைக் கொண்டு திருத்தினோம். அச்சுப்படி இல்லாதிருந்தால், என் ஆசிரியரின் சொல் எது, பழுதுற்ற அறையின் சொல் எது என்று எவரால் கூறவியலும்? ஆதலின் இப்போது அவ்வேடுகளின் படிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் காத்து வருகின்றோம்.

இத்தகைய பிழை எம் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. 2003ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பெல்ஜிய நாட்டில் தேர்தல் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்த ஸ்கார்பேக் என்னும் இடத்தில், கணிப்பொறி வழியே எண்ணப்பட்ட வாக்குகளில் வேட்பாளர் ஒருவருக்கு 4096 வாக்குகள் மிகையாக வந்தன. அவர் பெற்றிருக்கக் கூடிய அளவினும் அது மிகுதியாக இருந்தமையால் ஐயம் எழுந்தது, மீண்டும் எண்ணினர். 4096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கிய எண். பதின்மூன்றாம் இடத்துக் குறி ஒன்று மட்டும் மாறினால் சரியாக இத்தொகை மிகும். ஒரு குறியின் மாற்றம் ஒரு தேர்தலின் கணக்கையே மாற்ற வல்லது என்பதனை உலகம் அன்று கண்டது.

இதற்கு மாற்றும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹாமிங் என்னும் கணித அறிஞர், தம் கணக்குகள் பிழையால் இடையில் நின்றுபோவதைக் கண்டு சலித்தார். “பிழை உண்டு என்று கண்டுகொள்ளும் பொறி, அப்பிழை எங்கே என்றும் கண்டு திருத்தலாகாதா?” என்று எண்ணினார். செய்தியோடு சில காவற்குறிகளைச் சேர்த்து அனுப்பினால், மாறிய குறியைக் கண்டு திருத்தலாம் என்று 1950இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். வங்கி முதலிய பெருநிறுவனங்களின் கணிப்பொறிகளில் இத்தகைய காவல் பெற்ற நினைவகங்கள் உள்ளன. வீட்டுப் பொறிகளில் பெரும்பாலும் இல்லை.

இதனைப் பெயரன் விளக்கியபோது, என் உள்ளம் யாப்பிலக்கணத்தின்பாற் சென்றது. வெண்பாவில் இயற்சீர் வெண்டளையும் வெண்சீர் வெண்டளையுமே வரலாம். பிறதளை வருதல் கூடாது. ஏடு எழுதுவோன் ஓரெழுத்தை விட்டுவிட்டால் தளை தட்டும். பிழை உண்டு என்று செவி அறியும். எதுகை கெட்டாலும் அவ்வாறே. நம் முன்னோர் செய்யுளுக்கு வைத்த கட்டுப்பாடு, ஓசை இன்பம் தருவதோடு சொல்லுக்குக் காவலாகவும் நின்றது. உரைநடைக்கு அக்காவல் இல்லை. ஒப்புநோக்கும் கண்ணே அதற்குக் காவல்.

என் மகன் தன் மைந்தனை அழைத்து, “நாளை முதல் நீயே தாத்தாவுக்குத் தட்டச்சு செய்துகொடு. நான்காம் ஏடு காத்திருக்கிறது” என்றான். வேறொன்றும் கூறவில்லை, கூறவும் வேண்டியதில்லை. தந்தையின் குரலில் இருந்ததனை மைந்தன் அறிந்துகொண்டான். பச்சை நூல் கட்டிய அப்பலகையை அவன் எறியாமல், குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, நாளும் எழுதி வைத்திருக்கின்றான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வாழ்வில் பொறிகள் மட்டும் அல்ல, பல செயல்களும் திடீரென நின்றுபோகும். அவ்வேளையில் விரைந்து ஒருவரைப் பழிக்காதீர்கள். விதி என்று சோர்ந்தும் இராதீர்கள். கண்டதை எழுதுங்கள். கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றனையே மாற்றுங்கள். பிழையின் ஒழுங்கை நோக்குங்கள். பொறுமையோடு தேடுவோர்க்குக் காரணம் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. அதனைக் காண்பது அறிவு; காணும்வரை பிறரைப் பழியாதிருப்பது அறம்.